வேலைவழி கிரீன் கார்டு: எந்தக் கட்டணத்தை யார் கட்ட வேண்டும்?

நியூ ஜெர்சியில் வேலை பார்க்கும் என் சித்தி மகன் ஒருநாள் இரவு ஓர் ஒப்பந்தத்தைப் படம் எடுத்து அனுப்பினான். “அண்ணா, நாளைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்கிறார்கள். போடலாமா?” என்று கேட்டிருந்தான். இரண்டே பக்கம். அதில் ஒரு வரி: கிரீன் கார்டுக்காக நிறுவனம் செய்யும் செலவு முழுவதையும், இரண்டு ஆண்டுகளுக்குள் வேலையை விட்டால், ஊழியர் திருப்பிச் செலுத்த வேண்டும்.

அந்த வரியில் உள்ள ‘முழுவதையும்’ என்ற சொல் சட்டத்துக்குப் புறம்பானது. அவனுக்கு அது தெரியவில்லை. அந்த நிறுவனத்தின் மனிதவள அலுவலருக்கும் தெரிந்திருக்குமா என்பது சந்தேகமே. எச்-1பி வேலை விசாவில் அமெரிக்காவுக்கு வந்து, ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்கும் நம்மவர்களில் பலர், எந்தச் செலவு நிறுவனத்துடையது, எது தம்முடையது என்று அறியாமலேயே கையெழுத்திடுகிறார்கள். அவனுக்கு அன்றிரவு தொலைபேசியில் விளக்கியதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பாதையைப் புரிந்துகொள்ளுங்கள்

ஈபி-2, ஈபி-3 என்ற வேலைவழி கிரீன் கார்டுப் பிரிவுகளில் பெரும்பாலோர் மூன்று கட்டங்களைக் கடக்க வேண்டும். முதலாவது, பெர்ம் எனப்படும் தொழிலாளர் சான்றிதழ். இந்த வேலைக்குத் தகுதியும் விருப்பமும் உள்ள அமெரிக்கத் தொழிலாளர் கிடைக்கவில்லை என்று நிறுவனம் தொழிலாளர் துறையிடம் நிறுவுவது இது. இரண்டாவது, ஐ-140. நிறுவனம் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸிடம் கொடுக்கும் மனு. மூன்றாவது, ஐ-485. நீங்களும் உங்கள் குடும்பத்தினரும் உங்கள் பெயரிலேயே கொடுக்கும் விண்ணப்பம். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதற்குப் பதிலாகத் தூதரக நேர்காணல்.

பணத்தைப் பொறுத்தவரை சட்டம் கறாராகக் கோடு போட்டிருப்பது முதல் கட்டத்தில் மட்டும்தான். ஐ-140, ஐ-485 கட்டணங்களை யார் கட்டுவது என்பது பேச்சுவார்த்தைக்கும் ஒப்பந்தத்துக்கும் உரியது. எந்த டாலர் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

படி 1: பெர்ம் — இங்கே ஒரு காசு கூட உங்களுடையது அல்ல

பெர்மை விண்ணப்பிக்க அரசாங்கக் கட்டணம் எதுவும் கிடையாது. அதற்கு முன் தொழிலாளர் துறையிடம் வாங்கும் ஊதிய நிர்ணயத்துக்கும் கட்டணம் இல்லை. ஆனால் இந்தக் கட்டத்தில் உண்மையான செலவு இரண்டு இடங்களில் வருகிறது: வழக்கறிஞர், விளம்பரம்.

விளம்பரச் செலவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பட்டப்படிப்பு தேவைப்படும் வேலை என்றால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நாளிதழ் விளம்பரம், மாநில வேலைவாய்ப்பு அமைப்பில் 30 நாள் அறிவிப்பு, அலுவலகத்தில் தொடர்ந்து 10 வேலை நாட்களுக்கு ஒட்டி வைக்கும் அறிவிப்பு, இவற்றோடு விதியில் உள்ள பட்டியலிலிருந்து கூடுதலாக மூன்று வழிகள் என்று தேட வேண்டும். பெருநகர நாளிதழில் ஞாயிறு விளம்பரத்தின் விலையை விசாரித்துப் பார்த்தவர்களுக்கு, சிறு நிறுவனங்கள் ஏன் இதை ஊழியர் தலையில் கட்டப் பார்க்கின்றன என்பது புரியும். புரிகிறது என்பதற்காக அது சரியாகிவிடாது.

கூட்டாட்சி விதித் தொகுப்பின் 20ஆம் தலைப்பில் 656.12 என்ற பிரிவு இருக்கிறது. இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெர்முக்கான எந்தச் செலவையும், வழக்கறிஞர் கட்டணமும் ஆள்தேடும் செலவும் உட்பட, நிறுவனம் ஊழியரிடமிருந்து கேட்கவும் கூடாது, பெறவும் கூடாது என்கிறது அது. ‘பணம்’ என்பதற்கு அது தரும் விளக்கம் மிக விரிவானது. ரொக்கம் மட்டும் அல்ல. சம்பளத்திலோ சலுகைகளிலோ பிடித்தம், கையூட்டு, பொருளாகக் கொடுப்பது, ஊதியமில்லாமல் வேலை செய்து கொடுப்பது எல்லாமே அதில் அடங்கும். “அடுத்த ஆறு மாதத்துக்குச் சம்பள உயர்வு இல்லை, பெர்ம் செலவுக்கு ஈடுகட்டிக்கொள்கிறோம்” என்று வாய்வார்த்தையாகச் சொன்னாலும் அது இந்த விதிக்குள் வந்துவிடும்.

இந்த விதி 2007 மே மாதம் வெளியாகி, அதே ஆண்டு ஜூலை 16 முதல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் ஊழியர் பணம் கட்டுவதற்குத் தடை இல்லை. போதாக்குறைக்கு, ஒருவர் பெயரில் வாங்கிய சான்றிதழை அவர் வேலையை விட்டுப் போன பிறகு வேறொருவருக்கு மாற்றிக்கொள்ளவும் முடிந்தது. அதனால் சான்றிதழ்களுக்கே ஒரு சந்தை உருவானது. பழைய தேதியிட்ட சான்றிதழ் கிடைத்தால் வரிசையில் பல ஆண்டுகள் முன்னால் போகலாம் என்பதால் அவற்றுக்கு விலை இருந்தது. அந்த வணிகத்தை ஒழிக்கத்தான் ஆள் மாற்றத்தையும், சான்றிதழ் விற்பனையையும், ஊழியரிடம் பணம் பெறுவதையும் ஒரே விதியில் தடை செய்தார்கள். சான்றிதழுக்கு 180 நாள் ஆயுள் என்று வைத்ததும் அப்போதுதான். அதற்குள் ஐ-140 கொடுக்காவிட்டால் அது செல்லாது.

இதில் ஒரு விலக்கு உண்டு. உங்களுக்காக மட்டும், உங்கள் நலனைப் பார்க்க, நீங்களே தனியாக ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொண்டால் அவருக்கு நீங்கள் பணம் கொடுக்கலாம். ஆனால் ஒரே வழக்கறிஞர் நிறுவனத்துக்கும் உங்களுக்கும் சேர்த்து வேலை செய்தால் அந்தச் செலவு நிறுவனத்துடையதுதான். சில இடங்களில் தந்திரமாக “இவர் உங்கள் வழக்கறிஞர்” என்று காகிதத்தில் எழுதி, விளம்பரம் தயாரிப்பது முதல் விண்ணப்பம் நிரப்புவது வரை நிறுவனத்தின் வேலை முழுவதையும் அவரிடமே கொடுத்து, விலைப்பட்டியலை மட்டும் உங்களுக்கு அனுப்புவார்கள். ஒரு வழக்கறிஞர் யாருக்காக வேலை செய்கிறார் என்பதை அவர் செய்யும் வேலைதான் தீர்மானிக்கும்; தலைப்பில் உள்ள பெயர் அல்ல.

நான் வேலைக்குச் சேர்ந்த ஆரம்ப நாட்களில் ஓர் ஆலோசனை நிறுவனத்தின் உரிமையாளர், அவரும் தமிழர்தான், என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “எல்லோரும் கொடுப்பதுதான் தம்பி, காசோலை வேண்டாம், ரொக்கமாகக் கொடுத்துவிடு.” ரொக்கமாகக் கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறவுமுறை சொல்லி அழைத்தவரிடம் மறுத்துப் பேசுவது மரியாதை இல்லை என்று அப்போது நினைத்துவிட்டேன். அந்தத் தயக்கத்தை நம்பித்தான் இப்படிப்பட்ட பேச்சுகள் எழுகின்றன.

பணம் போவதைவிடப் பெரிய ஆபத்து வேறு. பெர்ம் விண்ணப்பத்திலேயே, இதற்காக யாரிடமிருந்தாவது பணம் பெற்றீர்களா என்று நிறுவனத்திடம் கேள்வி கேட்கிறார்கள். பொய் சொன்னால் தண்டனை உண்டு என்ற உறுதிமொழிக்குக் கீழே கையெழுத்திட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். பின்னாளில் உண்மை வெளிவந்தால் விண்ணப்பம் மறுக்கப்படலாம், கொடுத்த சான்றிதழும் ரத்தாகலாம், நிறுவனம் மூன்று ஆண்டுகள் வரை பெர்ம் திட்டத்திலிருந்தே விலக்கப்படலாம். பெர்ம் விண்ணப்பித்த நாள்தான் உங்கள் முன்னுரிமைத் தேதி. இந்தியாவில் பிறந்தவர்கள் ஈபி-2, ஈபி-3 பிரிவுகளில் பத்தாண்டுக்கும் மேலாகக் காத்துக் கிடப்பது அந்தத் தேதியை வைத்துத்தான். ஒப்புதலான ஐ-140ஐ நிறுவனம் திரும்பப் பெற்றால்கூட அந்தத் தேதி உங்களோடு இருக்கும். ஆனால் பெர்ம் சான்றிதழே ரத்தானால் தேதியும் போய்விடும். சில ஆயிரம் டாலரை மறைத்துக் கொடுத்ததற்காகப் பத்தாண்டு வரிசையை இழக்கலாமா? இதனால்தான் “போனால் போகிறது, கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்போம்” என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்கே போகிறேன்.

படி 2: ஐ-140 — மனு நிறுவனத்துடையது, பணம் பேசிக்கொள்வது

ஐ-140 கட்டணம் 2024 ஏப்ரல் 1 முதல் 715 டாலர். அதோடு புகலிடத் திட்டக் கட்டணம் என்று ஒன்று அதே நாளில் சேர்ந்தது. அதன் அளவு மனு கொடுக்கும் நிறுவனத்தைப் பொறுத்தது: பொதுவாக 600 டாலர், 25 அல்லது அதற்குக் குறைவான முழுநேர ஊழியர்கள் உள்ள நிறுவனத்துக்கு 300, இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கு ஒன்றும் இல்லை. ஆக, பெரிய நிறுவனம் ஒன்றுக்கு மொத்தம் 1,315 டாலர்.

பெர்முக்கு இருப்பதுபோல் ஊழியர் இதைக் கட்டக் கூடாது என்ற தெளிவான தடை ஐ-140 கட்டணத்துக்கு இல்லை. ஆனாலும் மனுதாரர் நிறுவனம்தான், வழக்கறிஞரும் அவர்களுடையவர்தான், சம்பளம் கொடுக்கும் சக்தி இருக்கிறது என்று நிறுவ வேண்டியதும் அவர்கள்தான். நாணயமான நிறுவனங்கள் இதைத் தாமே கட்டுகின்றன. கேட்டு வாங்குங்கள்.

ஐ-140இல் உண்மையில் ஊழியரின் பணம் போகும் இடம் விரைவுப் பரிசீலனை. அதற்கான ஐ-907 கட்டணம் 2024 பிப்ரவரி 26 முதல் 2,805 டாலராக இருந்தது. 2026 மார்ச் 1 முதல் 2,965 டாலர். பெரும்பாலான ஐ-140 வகைகளுக்கு 15 வேலை நாட்களுக்குள் யுஎஸ்சிஐஎஸ் நடவடிக்கை எடுக்கும். நிறுவனத்துக்கு அவசரம் இல்லை, உங்களுக்குத்தான் அவசரம் என்றால் நீங்கள் கட்டுவது வழக்கம்.

கட்டலாமா, வேண்டாமா? முன்னுரிமைத் தேதி வர இன்னும் பல ஆண்டுகள் என்றால், ஐ-140 ஒரு மாதத்தில் வந்தால் என்ன, எட்டு மாதத்தில் வந்தால் என்ன என்று தோன்றும். மூன்று சூழ்நிலைகளில் அப்படி நினைக்க மாட்டேன். எச்-1பியின் ஆறாண்டு வரம்பு நெருங்குகிறது என்றால், ஒப்புதலான ஐ-140 இருந்தால்தான் மூன்று மூன்று ஆண்டுகளாக நீட்டிக்க முடியும். மனைவியோ கணவரோ எச்-4 விசாவில் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருக்கிறார் என்றால், பெரும்பாலும் ஐ-140 ஒப்புதலுக்குப் பிறகுதான் அவர் வேலை அனுமதி கேட்க முடியும். அந்தச் சில மாதச் சம்பளம் கட்டணத்தை எளிதில் மீட்டுவிடும். மூன்றாவது, நிறுவனத்தின் நிலைமை ஆட்டம் காண்கிறது என்ற பேச்சு அடிபடும்போது. ஒப்புதலாகி 180 நாள் கடந்துவிட்டால், அதன் பிறகு நிறுவனம் மனுவைத் திரும்பப் பெற்றாலும் எச்-1பி நீட்டிப்புக்கு அது தொடர்ந்து உதவும். அந்த 180 நாள் சீக்கிரம் ஓடத் தொடங்குவது நல்லது.

ஒப்புதல் வந்ததும் ஐ-797 அறிவிப்பின் நகலைக் கேளுங்கள். “அது நிறுவனத்தின் ஆவணம்” என்று மறுக்கும் இடங்கள் உண்டு. தகவல் அறியும் சட்டத்தின்கீழ் யுஎஸ்சிஐஎஸ்ஸிடமே உங்கள் கோப்பைக் கேட்கலாம்.

ஈபி-1ஏ (அசாதாரணத் திறமையாளர் பிரிவு), தேசிய நலன் விலக்கு (ஈபி-2இல் நிறுவனம் இல்லாமலேயே விண்ணப்பிக்கும் வழி) ஆகிய இரண்டிலும் நீங்களே உங்களுக்காக மனு செய்ய முடியும். அங்கே பெர்ம் கிடையாது. செலவு முழுவதும் உங்களுடையதுதான். 715 டாலரோடு, தனக்காகத் தானே மனு செய்பவருக்கான 300 டாலர்.

படி 3: ஐ-485 — குடும்பத்தின் கணக்கு

எந்த முன்னுரிமைத் தேதி வரை உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று மாதந்தோறும் சொல்லும் விசா அறிக்கையில் உங்கள் தேதி வந்த மாதம் வீடே பரபரப்பாகிவிடும். அந்தப் பரபரப்பில் பணக் கணக்கு கடைசியாகத்தான் நினைவுக்கு வரும். அதனால் இப்போதே போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐ-485 பெரியவர் ஒருவருக்கு 1,440 டாலர். பெற்றோரோடு சேர்த்து விண்ணப்பிக்கும் 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 950. கைரேகைக்கென்று தனிக் கட்டணம் இப்போது இல்லை. முன்பு இதிலேயே வேலை அனுமதியும் பயண அனுமதியும் அடங்கியிருந்தன. 2024 ஏப்ரலில் அவற்றைப் பிரித்துவிட்டார்கள். வேலை அனுமதிக்கான ஐ-765க்கு 260 டாலர், பயண அனுமதிக்கான ஐ-131க்கு 630 டாலர்.

கணவன், மனைவி, 14 வயதுக்குக் குறைந்த இரண்டு பிள்ளைகள் என்று வையுங்கள். ஐ-485க்கு மட்டும் 4,780. பெற்றோர் இருவருக்கும் வேலை அனுமதி 520. நால்வருக்கும் பயண அனுமதி 2,520. மொத்தம் 7,820 டாலர். மூத்த பிள்ளைக்குப் பதினான்கு முடிந்திருந்தால் இன்னும் 490 கூடும். வழக்கறிஞர் கட்டணமும் மருத்துவப் பரிசோதனையும் இதில் இல்லை.

இதில் மிச்சம் பிடிக்கக்கூடிய இடம் பயண அனுமதி. செல்லுபடியாகும் எச்-1பி, எச்-4 விசாவோடு போய் அதே நிலையில் திரும்பி வருபவருக்கு அது கட்டாயம் இல்லை. விசா முத்திரை காலாவதியாகி, ஊருக்குப் போனால் தூதரகத்தில் தேதி கிடைக்குமோ என்று பயந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வயதான பெற்றோர் ஊரில் இருப்பவர்கள் இதில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து.

வேலை அனுமதி ஒரு முறைச் செலவு என்றும் நினைக்காதீர்கள். ஐ-485 நிலுவையில் உள்ளவர்களுக்கு ஐந்தாண்டு அட்டை கொடுத்துவந்தார்கள். 2025 டிசம்பரில் அதை 18 மாதமாகக் குறைத்துவிட்டார்கள். நிலுவை நீண்டால் 260 டாலர் திரும்பத் திரும்ப வரும். நிறுவனம் “ஐ-485 செலவை ஏற்கிறோம்” என்று சொன்னால், புதுப்பித்தலும் அதில் சேருமா என்று கேளுங்கள்.

மருத்துவப் பரிசோதனைக்கு அரசு விலை நிர்ணயம் இல்லை. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவர் ஒவ்வொருவரும் ஒரு விலை சொல்வார். நாலு இடத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். ஊரில் போட்ட தடுப்பூசிச் சான்றுகளைத் தேடி எடுத்துப் போனால் மறுபடி ஊசி போடும் செலவு குறையும். 2024 டிசம்பர் 2 முதல் மருத்துவப் பரிசோதனைப் படிவத்தை ஐ-485உடன் சேர்த்தே அனுப்ப வேண்டும்.

இந்தக் கட்டத்தில் யார் கட்டுவது என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. ஊழியருக்கு மட்டும் கட்டும் நிறுவனங்கள் உண்டு, குடும்பம் முழுவதற்கும் கட்டுபவை உண்டு, கையை விரித்துவிடுபவையும் உண்டு. வேலையில் சேரும் முன்பு கேட்டால் கிடைப்பது, தேதி வந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

கட்டணம் செலுத்தும் முறையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 2025 அக்டோபர் 28க்குப் பிறகு காகிதக் காசோலையை ஏற்பதில்லை. கடன் அட்டைக்கு ஜி-1450, அமெரிக்க வங்கிக் கணக்குக்கு ஜி-1650 என்று படிவங்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தனித்தனிப் படிவம். மேலே சொன்ன குடும்பத்துக்குப் பத்துப் பிடித்தங்கள் சில நாட்களுக்குள் வரும். மோசடி என்று நினைத்து வங்கி ஒன்றை நிறுத்தினால் அந்த விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். யுஎஸ்சிஐஎஸ் மறுபடி முயலாது. விசா அறிக்கையில் தேதி பின்னால் போய்விடும் மாதங்களில் இது பேரிழப்பு. வங்கிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அனுப்பும் அன்று ஜி-1055 கட்டணப் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். தொகை குறைந்தாலும் கூடினாலும் சிக்கல்.

வெளிநாட்டிலிருந்து தூதரகம் வழியாக வருபவர்களுக்குக் கணக்கு எளிது: ஆளுக்கு 345 டாலர் விசாக் கட்டணம், விசா கிடைத்த பின் 235 டாலர் யுஎஸ்சிஐஎஸ் கட்டணம். ஐ-485ஐவிட மலிவுதான். ஆனால் ஐ-485 நிலுவையாகி 180 நாள் ஆன பிறகு, அதே வகை வேலைக்கு நிறுவனம் மாறும் உரிமை இந்த வழியில் இல்லை. அமெரிக்காவில் இருப்பவர்கள் பணத்தை மட்டும் பார்த்து இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

படி 4: “வேலையை விட்டால் திருப்பிக் கொடு” ஒப்பந்தம்

சித்தி மகன் அனுப்பிய காகிதத்துக்கு வருவோம். பெர்ம் செலவைத் திருப்பிக் கேட்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. முன்னால் வாங்கினாலும் பின்னால் வாங்கினாலும், ஆண்டுக்கு இவ்வளவு என்று குறைத்துக்கொண்டே போனாலும், விதி ஒன்றுதான்.

ஐ-140, ஐ-485 செலவுகளைத் திருப்பிக் கேட்பது பொதுவாக ஒப்பந்தத்துக்கு உட்பட்டது. மாநிலச் சட்டம் தடுத்தால் தவிர. கலிபோர்னியா இதில் முன்னால் போயிருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல் போடப்படும் ஒப்பந்தங்களில், வேலையை விட்டால் நிறுவனத்துக்குப் பணம் கட்ட வேண்டும் என்று எழுதுவதை அங்கே ஏபி 692 என்ற சட்டம் சில விலக்குகளோடு தடை செய்கிறது. விசா, குடியேற்றச் செலவுகளைத் திருப்பிக் கேட்பதையும் அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மற்ற மாநிலங்களில் இருப்பவர்கள் தத்தம் மாநிலத்தின் சம்பளப் பிடித்தச் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

எச்-1பியில் இருப்பவர்களுக்கு இன்னொரு காப்பு. எச்-1பி மனுவின் பயிற்சிக் கட்டணத்தை ஊழியரிடம் வாங்கவே கூடாது. அந்த மனுவுக்கான வழக்கறிஞர் கட்டணமும் நிறுவனத்தின் வணிகச் செலவுதான். கிரீன் கார்டு செலவோடு இதையும் கலந்து ஒரே தொகையாகக் கேட்பார்கள். எனவே கையெழுத்திடும் முன் ஒன்றை மட்டும் வற்புறுத்துங்கள்: தொகையைக் கட்டம் வாரியாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பிரித்து எழுதச் சொன்னாலே பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும். பெர்ம் என்ற வரியில் ஒரு தொகையை எழுதி, அதற்கு ஊழியரிடம் கையெழுத்து வாங்க எந்த வழக்கறிஞரும் துணிய மாட்டார்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்களுக்கு

சம்பளச் சீட்டுகள், வங்கிப் பரிமாற்றங்கள், வாட்ஸ்அப் செய்திகள், மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் அலுவலகக் கணினியில் அல்லாமல் உங்கள் சொந்த இடத்தில் சேமியுங்கள். பெர்ம் ஆவணங்களை நிறுவனம் ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதால் அவர்கள் பக்கமும் தடயம் இருக்கும்.

அடுத்து, நிறுவனத்தோடு தொடர்பில்லாத குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைச் சொந்தச் செலவில் ஒரு மணி நேரம் பாருங்கள். இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு: பெர்ம் பணம் பற்றிய புகார் சான்றிதழையே தொடும், அது உங்கள் முன்னுரிமைத் தேதியையும் தொடும். எப்போது, எப்படிப் புகார் செய்வது என்பதை உங்கள் நிலைமையை அறிந்த ஒருவர்தான் சொல்ல வேண்டும். புகார் என்று முடிவெடுத்தால் தொழிலாளர் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகத்துக்குப் புகார் வழி இருக்கிறது. எச்-1பி சம்பளத்தில் பிடித்தம் என்றால் அதே துறையின் ஊதியப் பிரிவுக்கு டபிள்யூஎச்-4 படிவம். அதை மீறல் நடந்த 12 மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். பலர் வேலை மாறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்து இந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள்.

சித்தி மகன் மறுநாள் கையெழுத்திடவில்லை. சண்டையும் போடவில்லை. “பெர்ம், ஐ-140, ஐ-485 ஆகியவற்றுக்கான தொகைகளைத் தனித்தனியாகக் குறிப்பிட்டுத் தர முடியுமா? 656.12 பிரிவின்படி பெர்ம் செலவு இதில் வராது என்று புரிந்துகொள்கிறேன்” என்று மூன்று வரி மின்னஞ்சல் அனுப்பினான். ஒன்பது நாள் பதில் இல்லை. பத்தாம் நாள் திருத்திய ஒப்பந்தம் வந்தது. பெர்ம் அதில் இல்லை. ஐ-140ஐ நிறுவனமே ஏற்றுக்கொண்டது. ஐ-485க்குத் திருப்பிக் கொடுக்கும் காலம் ஓராண்டாகக் குறைந்திருந்தது. அதில் கையெழுத்திட்டு, ஒரு நகலைத் தன் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டு, எனக்கும் ஒன்று அனுப்பினான்.